187.5 மைக்ரோகிராம்: தைமரோசல் விவகாரத்துல யாரு எங்க கோட்டை விட்டாங்க

தடுப்பூசியில பாதரசம் கலக்கறாங்க, அதுலதான் பிள்ளைங்களுக்கு ஆட்டிசம் வருதுன்னு ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு கொஞ்ச நாளைக்கு ஒருக்கா எங்கிருந்தாவது கிளம்பி வந்துடும். வந்ததும் ஃபேமிலி குரூப்புல ரெண்டு கட்சி ஆயிடும், ஒரு பக்கம் நான் அன்னைக்கே சொன்னேன்லன்னு பெருமை, இன்னொரு பக்கம் படிச்ச முட்டாள்ங்களான்னு திட்டு, அத்தோட முடிஞ்சிடும். பாதரசத்தால ஆட்டிசம் வரலைங்கறது இன்னைக்கு நல்லாவே தெரிஞ்சுபோன விஷயம், அதுல எனக்கு சந்தேகம் எதுவும் இல்ல. ஆனா இந்தப் பயம் இவ்ளோ பெருசா வளர்ந்ததுக்கு வழி பண்ணிக் குடுத்தது யாருன்னு பின்னாடியே போய்ப் பாத்தா, தடுப்பூசியை எதிர்க்கறவங்களுக்கு முன்னாடியே அங்க நிக்கறது அமெரிக்காவுல தடுப்பூசியை மேற்பார்வை பாக்கற அமைப்புகள்தான். அந்தக் கேஸைத்தான் ஆரம்பத்துல இருந்து இங்க எழுதறேன், கொஞ்சம் நீளம்.

முதல்ல அந்த சாமான் எதுக்குன்னு பாத்துடலாம். தைமரோசல்னு அமெரிக்காவுல சொல்றாங்க, நம்ம ஊர்ல ஊசி மருந்து வர்ற சின்ன பாட்டில்ல, அதான் வயல்ல (vial), தயோமெர்சல்னு போட்டிருக்கும், ரெண்டும் ஒண்ணுதான். எடையில கிட்டத்தட்ட பாதி பாதரசம். 1920-கள் கடைசியில மோரிஸ் கராஷ்ங்கற கெமிஸ்ட் உருவாக்கினது, எலை லில்லி கம்பெனி மெர்த்தியோலேட்ங்கற பேர்ல வித்துச்சு. நாம சின்ன வயசுல முட்டி பேந்துட்டா போட்டுவிடுவாங்களே மெர்குரோகுரோம், அந்த சிவப்பு மருந்து, அதுவும் பாதரசக் கூட்டுதான், இதுக்கு தூரத்து சொந்தம்.

ஊசி மருந்துல இதைப் போட வேண்டிய அவசியம் எப்படி வந்துச்சுன்னா, அதுக்கு ஆஸ்திரேலியா போகணும். குயின்ஸ்லாந்து மாகாணத்துல பண்டபர்க்னு ஒரு ஊர், 1928 ஜனவரி, அங்க அது நல்ல கோடைகாலம். டிப்தீரியாவுக்கு, அதான் தொண்டை அடைப்பான் நோய்க்கு, பிள்ளைங்களுக்கு ஊசி போட்டுட்டு இருந்தாங்க. ஒரே பாட்டில், மேல ரப்பர் மூடி, அதுல ஊசியைக் குத்தி குத்தி ஒவ்வொரு பிள்ளைக்கா எடுத்துப் போடறது, மிச்சம் இருந்தா அடுத்த நாளைக்கு வச்சுக்கறது. அந்த மருந்துல கிருமி வளராம தடுக்கற எதுவும் சேக்கல. ஜனவரி 27-ஆம் தேதி 21 பிள்ளைங்களுக்குப் போட்டாங்க, 12 பேர் செத்துப் போனாங்க. ராயல் கமிஷன் வச்சு விசாரிச்சாங்க, பின்னாடி நோபல் பரிசு வாங்கின மக்ஃபார்லேன் பர்னெட் அப்போ சின்ன வயசு விஞ்ஞானி, அவர்தான் பாட்டில்ல வளர்ந்திருந்தது ஸ்டாஃபிலோகாக்கஸ்ங்கற கிருமின்னு கண்டுபுடிச்சார். கமிஷன் சொன்ன முக்கியமான விஷயம் என்னன்னா, பல பேருக்கு எடுத்துப் போடற பாட்டில்னா கிருமித்தடுப்பு மருந்து சேக்காம வெளிய விடவே கூடாது. இதுக்கு முன்னாடி 1916-ல அமெரிக்காவுல தெற்கு கரோலினாவுல டைஃபாய்டு ஊசியில இதே மாதிரி ஆகி நாலு பிள்ளைங்க செத்திருக்காங்க. 1930-கள்ல இருந்து தைமரோசல் ஊசி மருந்துக்குள்ள வந்துச்சு, 1968-ல அமெரிக்க அரசு பல டோஸ் வயல்னா ஏதாவது ஒரு கிருமித்தடுப்பான் இருந்தே ஆகணும்னு விதியே போட்டுடுச்சு.

சேக்கற அளவு 10,000-ல ஒரு பங்கு, அதாவது 0.01 சதவீதம். லேபிள்லயும் அப்படித்தான் போட்டிருக்கும். இந்த சதவீதத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, கேஸ்ல பாதி இதுக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கு.

1997-ல அமெரிக்க காங்கிரஸ், சாப்பாட்டையும் மருந்தையும் கண்காணிக்கற எஃப்டிஏவுக்கு ஒரு சட்டம் போட்டுச்சு. அதுல ஒரு சின்ன பிரிவு, நியூஜெர்சி எம்.பி. ஃபிராங்க் பல்லோன் சேக்க வச்சது. சாப்பாட்டுலயும் மருந்துலயும் வேணும்னே சேக்கற பாதரசம் எது எதுல எவ்ளோ இருக்குன்னு ரெண்டு வருஷத்துக்குள்ள பட்டியல் எடுக்கணும். சட்டம் போட்டப்போ தடுப்பூசி யார் மனசுலயும் பெருசா இருந்த மாதிரி தெரியல. எஃப்டிஏ கம்பெனிகள்கிட்ட விவரம் வாங்கி, 1999-ல கூட்டிப் பாத்துச்சு. அந்தக் கூட்டலை யாரு வேணா போடலாம், போட்டுப் பாருங்க. 0.01 சதவீதம்னா அரை மில்லி டோஸ்ல 50 மைக்ரோகிராம் தைமரோசல், அதுல பாதி பாதரசம், 25. டிபிடி ஊசி மூணு தடவை, 75. மூளைக்காய்ச்சல் வரவைக்கற கிருமிக்கு எதிரான ஹிப் ஊசி மூணு தடவை, இன்னொரு 75. ஹெபடைடிஸ் பி ஊசி மூணு, அதுல தடவைக்கு 12.5, மொத்தம் 37.5. ஆக ஆறு மாசத்துக்குள்ள ஒரு குழந்தைக்கு அதிகபட்சமா 187.5 மைக்ரோகிராம்.

இது அதிகமா கம்மியான்னு பாக்க அமெரிக்காவுல மூணு அமைப்பு மூணு வரம்பு வச்சிருந்தாங்க. எஃப்டிஏ ஒண்ணு, நச்சுப்பொருள் விவகாரத்தைப் பாக்கற ஏஜென்சி ஒண்ணு, சுற்றுச்சூழல் அமைப்பான இபிஏ ஒண்ணு. முதல் ரெண்டு வரம்பையும் இது தாண்டல, இபிஏ வரம்பை மட்டும் தாண்டிடுச்சு, அதுதான் மூணுலயும் ரொம்ப இறுக்கமானது, ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 0.1 மைக்ரோகிராம்.

இப்போ மேற்பார்வை விஷயத்துக்கு வர்றேன். ஹெபடைடிஸ் பி ஊசியும் ஹிப் ஊசியும் அமெரிக்க அட்டவணைக்குள்ள எல்லாக் குழந்தைக்கும்னு நுழைஞ்சது 1990, 91 வாக்குல. ஒவ்வொரு ஊசியையும் தனித்தனியா பாத்து அனுமதி குடுத்திருக்காங்க, அட்டவணையில சேக்கச் சொல்றது வேற கமிட்டி, பாதரச வரம்பு போடறது வேற டிபார்ட்மென்ட். புது ஊசி சேரும்போது மொத்தம் எவ்ளோ ஆச்சுன்னு கூட்டறது யார் வேலையும் இல்ல. அமெரிக்க குழந்தை டாக்டர்கள் சங்கத்துல தொற்றுநோய் கமிட்டித் தலைவரா இருந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் டாக்டர் நீல் ஹால்சி பின்னாடி சொன்னது, லேபிள்ல சதவீதத்துக்குப் பதிலா மைக்ரோகிராம்ல போட்டிருந்தா இது பல வருஷம் முன்னாடியே கண்ணுல பட்டிருக்கும், யாருமே கணக்கு போடலைன்னு.

யாருமேன்னு சொல்றதும் முழுசா சரியில்ல. மெர்க் கம்பெனியோட பெரிய தலை, எத்தனையோ தடுப்பூசியை உருவாக்கின மாரிஸ் ஹில்மேன், 1991-லேயே கம்பெனிக்குள்ள ஒரு மெமோ எழுதியிருக்கார், அட்டவணைப்படி ஊசி போட்டுக்கற ஆறு மாசக் குழந்தைக்குப் போற பாதரசம் மீன் வழியா போறதுக்கு வச்சிருக்கற தினசரி வரம்பை விட 87 மடங்கு வரைக்கும் வருதுன்னு. அந்த மெமோ வெளிய வந்தது 2005-ல, லாஸ் ஏஞ்சலஸ் பத்திரிகை ஒண்ணுல. ஒரு நாள் வரம்பையும் ஆறு மாச மொத்தத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சா நம்பர் பயங்கரமாத்தான் தெரியும், அதை வச்சு கேடுன்னு சொல்லிட முடியாது. ஆனா கம்பெனிக்குள்ள ஒருத்தர் போட்ட கணக்கை, போட்டே ஆக வேண்டிய அரசாங்கம் எட்டு வருஷம் கழிச்சுத்தான் போட்டுச்சு, அதுவும் வேற எதுக்கோ வந்த சட்டத்தால. இந்தக் கேஸ்ல எனக்கு உண்மையிலேயே கோபம் வர்ற இடம் இதுதான்.

சரி, அந்த இபிஏ வரம்பு எதை வச்சுப் போட்டது? மெத்தில் பாதரசத்தை வச்சு. 1971-72-ல ஈராக்குல விதைக்கறதுக்காக இறக்குமதி பண்ண கோதுமை, பூஞ்சை புடிக்காம இருக்க மெத்தில் பாதரசம் தடவினது, அதை ஜனங்க அரைச்சு ரொட்டி சுட்டு சாப்பிட்டுட்டாங்க. ஆறாயிரம் பேருக்கு மேல ஆஸ்பத்திரியில சேந்தாங்க, அங்கேயே 459 பேர் செத்தாங்க. வயித்துல பிள்ளையோட சாப்பிட்ட அம்மாக்கள், பொறந்த பிள்ளைங்க, இவங்களைப் பாத்து, அதுல கேடு தெரிஞ்ச அளவை பத்தால வகுத்து பாதுகாப்புக்குன்னு வச்சதுதான் அந்த வரம்பு. தைமரோசல்ல இருந்து வர்றது எத்தில் பாதரசம். பேர்ல ஒரு எழுத்துதான் வித்தியாசம், ஆனா அந்த மாதிரி ஒரு எழுத்து என்ன பண்ணும்னு நம்மாளுங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல, டாஸ்மாக்ல விக்கறது எத்தனால், 2024-ல கள்ளக்குறிச்சியில அறுபது பேருக்கு மேல கொன்னது மெத்தனால். ரெண்டு பாதரசமும் நிஜமாவே உடம்புல வேற வேற மாதிரிதான் நடந்துக்குது. மெத்தில் ரத்தத்துல பாதியா குறைய ஒன்றரை மாசம் ஆகும். அர்ஜென்டினாவுல பியூனஸ் ஏர்ஸ்ல 216 குழந்தைகளை வச்சுப் பண்ண ஆய்வு 2008-ல வந்துச்சு, எத்தில் பாதரசம் நாலு நாளுக்குள்ள பாதியாயிடுது, ரெண்டு மாசம் கழிச்சு அடுத்த ஊசிக்கு வர்றதுக்குள்ள ரத்தத்துல பழைய அளவுக்கு இறங்கிடுது. எல்லாமே சுத்தமா வெளிய போயிடுதுன்னு நான் சொல்ல மாட்டேன், 2005-ல குரங்குக் குட்டிகளை வச்சு பர்பேக்கர் குழு பண்ணதுல, எத்தில் போட்ட குட்டிங்க மூளையில மொத்தப் பாதரசம் கம்மி, ஆனா இருந்ததுல சீக்கிரம் வெளிய போகாத கனிம வடிவம் அதிக பங்கு. எதிர்க்கறவங்க இன்னைக்கு வரைக்கும் காட்டறது இந்தப் பேப்பரைத்தான், அதுல முதல் பாதியை மட்டும் விட்டுட்டு.

பிரச்சினை என்னன்னா 1999-ல இந்த எத்தில் கணக்கு எதுவும் கையில இல்ல. கையில இருந்தது 187.5-ங்கற ஒரு நம்பர், ஒரு மெத்தில் வரம்பு, அப்புறம் வெளிய தெரிஞ்சா என்ன ஆகுமோங்கற பதட்டம்.

1999 ஜூலை 7. குழந்தை டாக்டர்கள் சங்கமும் அமெரிக்க பொதுசுகாதாரத் துறையும் சேர்ந்து ஒரு அறிக்கை விட்டாங்க. சாராம்சம்: தைமரோசல் உள்ள ஊசியால எந்தக் கேடும் வந்ததுக்கு ஆதாரம் இல்ல, இருந்தாலும் முன்னெச்சரிக்கையா எவ்ளோ சீக்கிரம் முடியுமோ அவ்ளோ சீக்கிரம் எடுத்துடணும், அம்மாவுக்கு ஹெபடைடிஸ் பி இல்லைன்னு டெஸ்ட்ல தெரிஞ்சா பொறந்ததும் போடற டோஸைத் தள்ளிப் போடலாம்.

ஒரு அம்மாவா இருந்து இதைப் படிச்சுப் பாருங்க. ஒண்ணும் ஆகாதும்மா, ஆனா அவசர அவசரமா எடுத்துடறோம். ஒண்ணும் ஆகாதுன்னா ஏன்யா ஓடறேன்னுதான் கேக்கத் தோணும். உள்ளுக்குள்ளயே பயங்கர வாக்குவாதம் நடந்திருக்கு, ஹால்சி பக்கம் இருந்தவங்க இதை மறைச்சா நாளைக்கு மொத்த நம்பிக்கையும் போயிடும்னாங்க, இன்னொரு பக்கம் ஆதாரமே இல்லாம பயத்தைக் கிளப்பறீங்கன்னாங்க. நான் ஹால்சியைக் குறை சொல்ல மாட்டேன், மறைக்காம சொல்லணும்ங்கறது சரிதான். தப்பு சொன்ன விதத்துல. இபிஏ வரம்பு எந்த ஊர் ரொட்டியில இருந்து வந்துச்சு, இது வேற பாதரசம், வரம்பைத் தாண்டினா கேடுன்னு அர்த்தம் இல்ல, அதுல பத்து மடங்கு இடைவெளி வச்சிருக்கோம், இதை எதையும் பெத்தவங்களுக்குப் புரியற மாதிரி யாரும் உக்காந்து சொல்லல. அதோட தைமரோசல் இல்லாத ஹெபடைடிஸ் பி ஊசிக்கு அனுமதி ஆகஸ்ட் கடைசியிலேயே வந்துடுச்சு. ரெண்டு மாசம் கூட இல்ல. மாத்து ஊசியைக் கையில வச்சுக்கிட்டு அறிவிச்சிருந்தா பாதிக் குழப்பம் நடந்தே இருக்காது.

குழப்பம்னு சாதாரணமா சொல்லிட்டேன், அதுல ஒரு உயிர் போச்சு. அம்மாவுக்கு நோய் இல்லைன்னாதான் தள்ளிப் போடணும்னு அறிக்கை தெளிவா சொல்லுது, ஆனா சில ஆஸ்பத்திரிகள் எதுக்கு வம்புன்னு எல்லாக் குழந்தைக்கும் நிறுத்திட்டாங்க. மிச்சிகன் மாநிலத்துல ஹெபடைடிஸ் பி இருந்த அம்மாவுக்குப் பொறந்த குழந்தைக்கு ஊசி போடாம விட்டு, மூணே மாசத்துல கல்லீரல் நோய் முத்தி அது செத்துப் போச்சு. எந்தக் கேடும் நிரூபிக்கப்படாத ஒரு பொருளுக்குப் பயந்து, கேடுன்னு நல்லாத் தெரிஞ்ச ஒரு கிருமிகிட்ட பிள்ளையை விட்டுட்டாங்க.

2001-க்குள்ள அமெரிக்காவுல பிள்ளைங்களுக்கான வழக்கமான ஊசிகள் எல்லாத்துலயும் தைமரோசல் போயிடுச்சு, இல்லைன்னா சுவடு அளவுக்கு வந்துடுச்சு, பல டோஸ் வயல்ல வர்ற ஃப்ளூ ஊசியில மட்டும் இருந்துச்சு. கேஸ் இங்க முடிஞ்சிருக்கணும், ஆனா உண்மையில இங்கதான் ஆரம்பிச்சுது. ஆட்டிசம் பிள்ளைங்களோட பெத்தவங்க சிலர் சேர்ந்து சேஃப் மைண்ட்ஸ்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க, ஆட்டிசத்தோட அறிகுறியையும் பாதரச விஷத்தோட அறிகுறியையும் பக்கம் பக்கமா வச்சு ஒரு கட்டுரை போட்டாங்க. அவங்களைக் கேலி பண்ண எனக்கு மனசு வரல, அரசாங்கமே வரம்பைத் தாண்டிடுச்சுன்னு சொன்னதுக்கு அப்புறம் பிள்ளையை மடியில வச்சிருக்கறவங்களுக்கு வேற எப்படித் தோணும். நடுவுல ஒண்ணு சொல்லிடறேன், நிறைய பேர் வேக்ஃபீல்டு கதையையும் இதையும் போட்டுக் குழப்பிக்கறாங்க. லண்டன்ல வேக்ஃபீல்டுங்கற டாக்டர் 1998-ல ஆட்டிசத்தோட முடிச்சுப் போட்டது எம்எம்ஆர் ஊசியை, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூணுக்கும் போடறது, அது உயிருள்ள வைரஸ் ஊசி, அதுல தைமரோசல் என்னைக்குமே இருந்ததில்ல. ரெண்டு வேற வேற குற்றச்சாட்டு, ஒண்ணு விழுந்தா இன்னொண்ணைத் தூக்கிட்டு வருவாங்க.

அமெரிக்காவோட நோய்த்தடுப்பு மையமான சிடிசி தன்கிட்ட இருந்த டேட்டாவை வச்சு ஆராய ஆரம்பிச்சுது. தாமஸ் வெர்ஸ்ட்ரேட்டன்ங்கற ஆளு பண்ணின முதல் கட்டப் பகுப்பாய்வுல பேச்சு தாமதம், கண் முகம் தானா வெட்டற டிக் மாதிரி சில விஷயங்கள்ல லேசா ஒரு தொடர்பு தெரிஞ்சுது. 2000 ஜூன்ல அட்லாண்டா பக்கத்துல சிம்ப்சன்வுட்னு ஒரு இடத்துல ரெண்டு நாள் கூட்டம் போட்டாங்க. சிடிசி, எஃப்டிஏ, உலக சுகாதார நிறுவனம், தடுப்பூசி கம்பெனிக்காரங்க, வெளி நிபுணர்கள். பொதுமக்களுக்கு அனுமதி இல்ல, பேசினதை வெளிய சொல்லக் கூடாது. அந்த ரெண்டு நாள்ல அவங்க பண்ணினது பெரும்பாலும் ஒழுங்கான வேலைதான், டேட்டாவுல எங்க ஓட்டைன்னு குத்திக் குத்திக் கேட்டிருக்காங்க. ஒரு நிபுணர் தனக்குப் புதுசா பேரன் பொறந்திருக்கான், இது தெளிவாகற வரைக்கும் அவனுக்கு தைமரோசல் ஊசி போட வேண்டாம்னு தோணுதுன்னு மனசு விட்டுச் சொல்லிட்டார். தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டு அந்தப் பேச்சோட முழு எழுத்து வடிவத்தை பெத்தவங்க வாங்கிட்டாங்க. அவ்ளோதான், கதவைச் சாத்திக்கிட்டு கம்பெனிக்காரனோட உக்காந்து மறைச்சாங்கன்னு ஆயிடுச்சு. 2003-ல அந்த ஆய்வு பேப்பரா வந்தப்போ முதல்ல தெரிஞ்ச தொடர்பு ஒரு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தோட டேட்டாவுல இருந்து இன்னொண்ணுக்கு மாத்திப் பாத்தா நிக்கல, ஆட்டிசத்தோட தொடர்பு இல்ல. ஆனா அதுக்குள்ள வெர்ஸ்ட்ரேட்டன் கிளாக்ஸோ கம்பெனி வேலைக்குப் போயிருந்தார். இதை விட மோசமா ஒரு விஷயத்தை யாராலயும் கையாள முடியாது. தடுப்பூசியை எதிர்க்கற வக்கீல் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர் 2005-ல ரோலிங் ஸ்டோன் பத்திரிகையிலயும் சலான் தளத்துலயும் எழுதின கட்டுரை இந்தக் கூட்டத்தை வச்சுத்தான். அதுல தப்பு மேல தப்பு, திருத்தம் மேல திருத்தம் போட்டு, கடைசியில 2011-ல சலான் அதை எடுத்தே தூக்கிடுச்சு. செனட் கமிட்டி 2007-ல விசாரிச்சு மூடிமறைப்பு எதுவும் நடக்கலைன்னு சொன்னதை யாரும் படிக்கல.

அரசியல்வாதிங்களும் சும்மா இருக்கல. டான் பர்ட்டன்னு ஒரு எம்.பி., தன் பேரனுக்கே ஊசியாலதான் ஆட்டிசம் வந்துச்சுன்னு நம்பினவர், வருஷக்கணக்கா விசாரணைக் கூட்டம் நடத்தினார். அவர் கேட்ட சில கேள்வி சரியானதுதான், கடைத்தெருவுல விக்கற மெர்த்தியோலேட் புண்ணு மருந்து பாதுகாப்பானதுன்னு சொல்ல முடியாதுன்னு எஃப்டிஏவோட குழு 1980-கள் ஆரம்பத்துலேயே சொல்லியும் அதுக்கு முடிவான உத்தரவு வர 1998 ஆச்சே, ஏன்? ஒழுங்கான பதில் யார்கிட்டயும் இல்ல. இதுக்கு நடுவுல 2002 நவம்பர்ல உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம்னு பயங்கரவாதத்துக்கு எதிரா போட்ட மசோதாவுக்குள்ள, தைமரோசல் வழக்குல இருந்து எலை லில்லியைக் காப்பாத்தற மாதிரி ரெண்டு மூணு பத்தியை ராவோட ராவா சொருகிட்டாங்க. கண்டுபுடிச்சு ஊரே கத்தவும் அடுத்த வருஷ ஆரம்பத்துலேயே ரத்து பண்ணினாங்க. ஆனா அந்த சொருகல் ஒண்ணு போதும், நூறு விஞ்ஞானி வந்து சொன்னாலும் இனிமே யாரு நம்புவா.

ஆய்வு முடிவுகளை வேகமா சொல்லிடறேன், ஏன்னா எல்லாம் ஒரே பக்கம்தான் போகுது. டென்மார்க் 1992-லேயே தைமரோசலை நிறுத்திடுச்சு, ஆட்டிசம் குறையவே இல்ல, ஏறிக்கிட்டேதான் போச்சு. அங்க 4,67,000 பிள்ளைங்களைப் பாத்த ஆய்வு 2003-ல வந்துச்சு, தைமரோசல் போட்டவங்களுக்கும் போடாதவங்களுக்கும் ஆட்டிசத்துல வித்தியாசம் இல்ல. டென்மார்க் ஆய்வுகள் சிலதுல பேர் போட்டிருந்த பால் தோர்சன்ங்கறவர் மேல சிடிசி பணத்தைக் கையாடல் பண்ணார்னு 2011-ல அமெரிக்காவுல வழக்கு வந்துச்சு, எதிர்க்கறவங்க இதைச் சொல்வாங்க, சொல்லட்டும், ஆனா அவரை எடுத்துட்டுப் பாத்தாலும் மத்த நாட்டு ஆய்வுகள் அதையேதான் சொல்லுது. கலிஃபோர்னியாவுல தைமரோசல் போன அப்புறம் பொறந்த பிள்ளைங்ககிட்டயும் ஆட்டிசம் எண்ணிக்கை ஏறிக்கிட்டே இருந்துச்சு. இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்ங்கற அமெரிக்க மருத்துவக் கழகம் 2001-ல ஏத்துக்கவோ தள்ளவோ ஆதாரம் போதாதுன்னுச்சு, 2004-ல தள்ளற பக்கம்தான் ஆதாரம் நிக்குதுன்னுச்சு. தடுப்பூசி வழக்குக்குன்னே இருக்கற கோர்ட்டுல ஆட்டிசம் கேஸ் ஐயாயிரத்துக்கு மேல குவிஞ்சு, மாதிரிக்கு எடுத்த தைமரோசல் கேஸ்கள்ல 2010 மார்ச்ல தீர்ப்பு, எல்லாமே தள்ளுபடி.

அதுக்குள்ள சிலர் கடை விரிச்சுட்டாங்க. உடம்புல இருக்கற பாதரசத்தை எடுக்கறேன்னு கீலேஷன் சிகிச்சை. 2005-ல பென்சில்வேனியாவுல அஞ்சு வயசு ஆட்டிசம் பையன் ஒருத்தன் அந்த மருந்து ஏத்தும்போதே, ரத்தத்துல கால்சியம் இறங்கி இதயம் நின்னு செத்துப் போனான். மார்க் கையர்னு ஒரு டாக்டர், பாதரசத்தை வெளிய கொண்டுவரேன்னு பிள்ளைங்களுக்கு ஹார்மோனை அடக்கற லூப்ரான் ஊசியைப் போட்டார், மேரிலேண்ட் மாநிலம் அவர் லைசென்ஸைப் புடுங்கிடுச்சு.

2013-ல பாதரசத்துக்கு எதிரா மினமாட்டா ஒப்பந்தம் எழுதினப்போ, தடுப்பூசியில இருந்தும் எடுக்கணும்னு சிலர் நின்னாங்க. உலக சுகாதார நிறுவனம் விடல, 120 நாட்டுக்கு மேல இதை நம்பித்தான் ஊசி போடறாங்கன்னு சொல்லி விலக்கு வாங்குச்சு. அதுக்கு ஆதரவு குடுத்தது யாரு தெரியுமா, 1999-ல அறிக்கை விட்ட அதே அமெரிக்க குழந்தை டாக்டர்கள் சங்கம். இப்போ தெரிஞ்சது அப்போ தெரிஞ்சிருந்தா அந்த அறிக்கையே வந்திருக்காதுன்னு மூத்த டாக்டர்கள் அவங்க பத்திரிகையிலேயே எழுதினாங்க. பதினாலு வருஷம் லேட்டு.

இந்த விலக்கு இல்லைன்னா நம்ம ஊர்ல என்ன ஆகும்னு பாக்கணும்னா ஒரு புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனா போதும், தமிழ்நாட்டுல அன்னைக்குத்தான் ஊசி நாள். ஐஸ்லைன்டு ஃப்ரிட்ஜ்ல இருந்து வேக்சின் கேரியருக்கு வந்த, அஞ்சு நோய்க்குச் சேர்த்துப் போடற பென்டாவேலன்ட் வயல், பத்து டோஸ், சுண்டுவிரல் நீளம் கூட இருக்காது. சிஸ்டர் அதைத் திறந்ததும் மேல தேதியும் நேரமும் எழுதறாங்க, ஏன்னா திறந்த வயல் விதிப்படி அதை 28 நாள் வரைக்கும் வச்சுப் போடலாம், குளிர் சரியா இருக்கணும், வயல்ல இருக்கற, சூடு பட்டா நிறம் மாறற சதுரம் நிறம் மாறியிருக்கக் கூடாது. பக்கத்துலயே தட்டம்மை, ரூபெல்லாவுக்கான எம்ஆர் வயல், காசநோய்க்கான பிசிஜி வயல், அதெல்லாம் உயிருள்ள கிருமி ஊசி, தைமரோசல் போட்டா மருந்தே செத்துடும், அதனால அதுல இல்ல, கரைச்ச நாலு மணி நேரத்துல மிச்சம் எவ்ளோ இருந்தாலும் கொட்டிடணும். கொட்டாம விட்டா என்ன ஆகும்னு 2017-ல தெற்கு சூடான் காட்டுச்சு, கப்போயட்டா பக்கத்துல ஒரு கிராமத்துல தட்டம்மை ஊசி, நாலு நாளும் மருந்து கரைக்க ஒரே சிரிஞ்சு, குளிர் வசதி இல்ல, 15 பிள்ளைங்க செத்துப் போனாங்க. பண்டபர்க் நடந்து கிட்டத்தட்ட தொண்ணூறு வருஷம் கழிச்சு. ஒரு டோஸ் வயலுக்கு மாறிட்டா தைமரோசலே வேணாம்தான், ஆனா வருஷத்துக்குச் சுமார் ரெண்டரை கோடி பிள்ளை பொறக்கற நாட்டுல வயல் எண்ணிக்கை பத்து மடங்கு, ஃப்ரிட்ஜ்ல இடம் பல மடங்கு, வேன்ல இடம், குப்பை, விலை எல்லாமே ஏறும். வேற கிருமித்தடுப்பானை மாத்திப் போடறதும் சும்மா இல்ல, மருந்தோட ஒத்துப் போகணும், போலியோ ஊசியில தைமரோசல் ஒத்துக்காதுன்னுதான் அதுல 2-ஃபீனாக்ஸி எத்தனால் போடறாங்க, ஒவ்வொரு மாத்தத்துக்கும் திரும்ப முதல்ல இருந்து டெஸ்ட் பண்ணி அனுமதி வாங்கணும்.

அடுத்து 2025. அந்த வருஷம் கென்னடி அமெரிக்க சுகாதார அமைச்சர் ஆனார். ஜூன் 9-ஆம் தேதி தடுப்பூசி ஆலோசனைக் கமிட்டியில இருந்த 17 பேரையும் ஒரே நாள்ல வீட்டுக்கு அனுப்பிட்டு, தானே புதுசா ஆள் போட்டார். அதே மாசம் 26-ஆம் தேதி கமிட்டி முன்னாடி தைமரோசல் விவகாரம் வந்துச்சு. அதைப் பத்திப் பேச வந்தது லின் ரெட்வுட், சேஃப் மைண்ட்ஸை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தங்க, கென்னடியோட அமைப்புல தலைமைப் பொறுப்புல இருந்தவங்க, அந்த அமைப்புக்குப் பழைய பேரே உலக பாதரசத் திட்டம்தான். அவங்க ஸ்லைடுல முதல்ல காட்டியிருந்த ஒரு எலி ஆய்வு, அப்படி ஒரு பேப்பரே இல்லைன்னு அதுல பேர் போட்டிருந்த விஞ்ஞானியே சொல்ல, கூட்டத்துக்கு முன்னாடி எடுத்தாங்க. தைமரோசலுக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இல்லைன்னு சிடிசி ஆளுங்க தயார் பண்ணி வெப்சைட்ல போட்டிருந்த குறிப்பையும் காணோம், அமைச்சர் ஆபீஸ் அனுமதி இல்லாம போட்டுட்டாங்களாம். வழக்கமா சிடிசி ஆளுங்க டேட்டாவைக் காட்டுவாங்க, துணைக்குழு மாசக்கணக்குல அலசும், அதுக்கு அப்புறம்தான் ஓட்டு. இங்க அது எதுவும் இல்ல. ஏழு பேர்ல அஞ்சு பேர் ஆமாம், ஒருத்தர் ஓட்டுப் போடல, கோடி மைஸ்னர்ங்கற குழந்தை டாக்டர் ஒருத்தர் மட்டும் வேண்டாம்னார். தைமரோசல் உள்ள ஃப்ளூ ஊசி இனி பரிந்துரையில இல்ல, ஜூலைல கென்னடி கையெழுத்துப் போட்டார்.

அமெரிக்காவுக்கு இதனால பெருசா நஷ்டம் எதுவும் இல்ல, அங்க போடற ஃப்ளூ ஊசியில நூத்துக்கு அஞ்சு வாக்குலதான் தைமரோசல் வயல் இருந்துச்சு, மிச்சமெல்லாம் ஏற்கனவே ஒரு டோஸ் சிரிஞ்சு. ஓட்டோட விளைவை விட ஓட்டு நடந்த முறைதான் என்னை உறுத்துது. 1999-ல கையில ஆதாரம் இல்லாம பயத்துல முடிவெடுத்தாங்க, சரி, அன்னைக்கு ஆதாரமே இல்ல. 2025-ல கால் நூற்றாண்டு ஆய்வு மேசையில இருக்கறப்போ அதை எடுத்து ஓரமா வச்சுட்டு ஓட்டுப் போட்டாங்க. அதே கமிட்டி டிசம்பர்ல, அம்மாவுக்கு ஹெபடைடிஸ் பி இல்லைன்னா பொறந்ததும் போடற ஊசி எல்லாக் குழந்தைக்கும் கட்டாயமா வேணும்ங்கற பரிந்துரையையும் எடுத்துடுச்சு. அந்த ஊசியில இப்போ தைமரோசலும் இல்ல.

ஏழை நாடுகளுக்குத் தடுப்பூசி வாங்கித் தர்ற கவி அமைப்புக்கு நிதி திரட்டற மாநாடு பிரஸ்ஸல்ஸ்ல நடந்தது ஜூன் 25-ஆம் தேதி, தைமரோசல் ஓட்டுக்கு முந்தின நாள். கென்னடி வீடியோவுல வந்து, கவி தடுப்பூசிப் பாதுகாப்பைச் சரியா பாக்கல, அதனால இனிமே அமெரிக்கா பணம் குடுக்காதுன்னு சொல்லிட்டுப் போயிட்டார். கவி வாங்கித் தர்ற பென்டாவேலன்ட்ல பெரும்பங்கு அந்தப் பத்து டோஸ் வயல்தான்.